எங்க ஊரில் கர்ப்பிணிக்கு எடை பார்க்க ஆரம்பித்த கதை

கூட்டமைப்பு மலருக்கு ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊர் வரலாற்றிலிருந்து ஒரு விஷயத்தை எழுதித் தரவேண்டும் என்று முடிவானது. கறவை மாட்டுக் கடன், ரேஷன் கடைக்கு மனு கொடுத்தது எல்லாம் மற்ற குழுக்காரங்க எழுதுறாங்க. என்கிட்ட பழைய தீர்மான நோட்டுகளைக் கட்டாகக் கொடுத்து, "மெஷின் உன் வீட்டுலதானே இருக்கு, அந்தக் கதையை நீயே எழுதிரு" என்று சொல்லிட்டாங்க. எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் சகோதரிகள் பொறுத்துக்கணும்.

2009-ஆம் வருஷ நோட்டில் ஒரு தீர்மானம் இருக்கிறது. "கர்ப்பிணிப் பெண்களுக்கு எடை பார்க்க எடை மெஷின் ஒன்று குழு சேமிப்பிலிருந்து வாங்குவது என முடிவு செய்யப்பட்டது. இரண்டு பேர் ஆட்சேபம்." அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் என் மாமியார். மெஷின் வந்ததே என்னை வைத்துத்தான் என்பதால், ஆட்சேபம் ஏன் வந்தது என்று சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அத்தைக்கு முதல் பிள்ளை 1979-ல். அப்போ எங்க ஊருக்கு பஸ் கிடையாது. பேறுகாலம் பார்க்க மருத்துவச்சி ஒருத்தர்தான். ராத்திரி வலி எடுத்து, மறுநாள் பொழுது சாயுற வரைக்கும் தலை இறங்கவில்லை. வண்டி கட்டி மேலூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே பிள்ளை போயிருச்சு. நல்லா கொழுகொழுன்னு ஆண் பிள்ளை. "பெரிய பிள்ளையா வளர்த்துட்டேன், அதான் வெளிய வரல" என்று அத்தை நாற்பது வருஷமாகச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அடுத்த கர்ப்பத்தில் அஞ்சாம் மாசத்திலிருந்தே ராத்திரிச் சோற்றை விட்டுட்டாங்க. கேப்பைக் கூழ் அரைச் செம்பு. அப்படி சின்னதாகப் பிறந்து பிழைத்தவர்தான் என் வீட்டுக்காரர்.

அந்தக் காலத்தில் எங்க பக்கத்துப் பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்தாங்க. "வயிறு ஒண்ணுதானே ஆத்தா, சோறே நிறைஞ்சுட்டா பிள்ளை எங்க இருக்கும்?" என்று கேட்பாங்க. பப்பாளி கூடாது, எள்ளு கூடாது என்பதெல்லாம் அதுக்கு மேல. இதை அறியாமை என்று சொல்லிட்டுப் போறது சுலபம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தோன்றியது, ஆபரேஷன் செய்து பிள்ளை எடுக்கிற இடம் எட்டாத தூரத்தில் இருந்தால், சின்னப் பிள்ளையாகப் பெத்துக்கணும் என்று ஒருத்தி நினைப்பது உயிர் பயத்தில்தானே?

இதைச் சுகாதார நிலையப் பயிற்சியில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவங்க சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜெர்மனியில் புரோகோவ்னிக் என்று ஒரு டாக்டர், இடுப்பெலும்பு குறுகலான பெண்களுக்குச் சின்னப் பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று கர்ப்பத்தில் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி 1889-லேயே எழுதினாராம். அமெரிக்காவில் டாக்டர்கள் ரொம்ப காலம் வரைக்கும் கர்ப்பிணி எடை கூடினால் திட்டுவாங்களாம். 1970-ல் வந்த ஒரு அறிக்கைதான், கர்ப்பத்தில் 9 முதல் 11 கிலோ வரை கூடுவது நல்லது என்று அங்கே சொன்னதாம். ஆக, எங்க அத்தை செய்ததைப் பெரிய படிப்புப் படித்தவங்களும் செய்திருக்காங்க. இதை வீட்டில் வந்து சொன்னபோது அத்தை முகத்தில் ஒரு பெருமை!

எங்க ஒன்றியத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி இடம் உண்டு. நிறையப் பேருக்குத் தெரியாது. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று வந்தது. அதை முதன்முதலில் தொடங்கிப் பார்த்தது நம்ம கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். உள்ளூர்ப் பெண் ஒருத்தரையே பணியாளராகப் போட்டு, மாசா மாசம் சின்னக் குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து அட்டையில் கோடு போடுவாங்க. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை. தேறினதும் நிறுத்திருவாங்க. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மாரில் ரொம்பப் பலவீனமானவங்களுக்கும் உருண்டை உண்டு. நாடு முழுக்க அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-லேயே ஆரம்பித்திருந்தாலும், எங்க பக்கம் பெரியவங்களுக்கு நினைவில் நிற்கிறது அந்தத் தராசுதான். "பிள்ளையைக் கொக்கியில மாட்டி, கறிக்கடை மாதிரி நிறுத்தாக" என்று இன்றைக்கும் சிரிப்பாங்க. ஆனால் பிள்ளைக்குத் தராசு வந்த அளவுக்கு, பிள்ளையைச் சுமக்கிறவளுக்குத் தராசு வரவில்லை. உருண்டையைக் கொடுத்தாலும் அது வீட்டுக்கு வந்து நாலாகப் பிட்டு, இருக்கிற பிள்ளைகளுக்குப் போயிரும்.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது 2006-ல். மறுவருஷம் முதல் பிள்ளை. அட்டை போடும்போது என் எடை 41 கிலோ. மசக்கை நாலு மாசம் வரைக்கும் படுத்தியது. அது நின்னு பசி எடுக்க ஆரம்பித்த நேரம் பார்த்து அத்தை என் தட்டில் கை வைத்தாங்க. கோபமாக இல்லை. "போதும்த்தா, எந்திரி" என்று தலையைத் தடவிக்கிட்டே சொல்வாங்க. அவங்க முதல் பிள்ளை கதை எனக்குத் தெரியும். எதிர்த்துப் பேச வாய் வராது. ராத்திரி பசியில் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்திருக்கேன். அந்த வருஷம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் கொடுக்கிற மகப்பேறு உதவி 6,000 ரூபாய். கர்ப்பிணி நல்லாச் சாப்பிடணும் என்று கொடுக்கிற பணம். எங்க வீட்டில் முதல் தவணையில் ஆட்டுக்குட்டி வாங்கினோம்.

(முத்துலட்சுமி ரெட்டி பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவங்க. நம்ம மாகாணத்துச் சட்டசபைக்குள் போன முதல் பெண். அவங்க பேரில் வந்த பணத்தில் வாங்கிய ஆடு மூணு ஈத்து ஈன்றது. அது வேற கதை.)

ஒன்பதாம் மாசம் என் எடை 46. பிள்ளை 2 கிலோ 100 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த பிள்ளை என்று எழுதிருவாங்க. பால் இழுத்துக் குடிக்கத் தெம்பில்லை. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பால் பீய்ச்சிப் பாலாடையில் ஊத்துவேன், பாதி வழிஞ்சு போகும். பக்கத்துக் கட்டில்களில் ஒரு பிள்ளை ராத்திரியோட ராத்திரியாக இல்லாமல் போச்சு. அதைப் பார்த்த அன்றைக்கு அத்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் மகள் பிழைத்துவிட்டாள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுறா.

வீட்டுக்கு வந்த பிறகு கிராம நர்சம்மா என் அட்டையைப் பார்த்துட்டு, "ஒன்பது மாசத்துல அஞ்சு கிலோதான் ஏறியிருக்கே, நடுவுல யாரும் பார்க்கலையா?" என்று கேட்டாங்க. நடுவில் நாலு மாசம் எடைக் கட்டமே காலி. வேலைக்குப் போன நாளாகப் பார்த்து நர்சம்மா வருவாங்க, அல்லது அன்றைக்கு மெஷின் கொண்டுவந்திருக்க மாட்டாங்க. எத்தனை ஊருக்குத்தான் அவங்க அதைத் தூக்கிக்கிட்டு அலைவாங்க?

இந்தப் பேச்சு குழுக் கூட்டத்துக்கு வந்தது. எங்க குழு மகளிர் திட்டத்தில் 2001-ல் ஆரம்பித்தது. நான் சேரும்போது அத்தையின் இடத்தில்தான் கையெழுத்துப் போடப் போனேன், பிறகு தனி உறுப்பினர் ஆனேன். எங்க ஊருக்குச் சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் என்ன என்று ஊக்குநர் அக்கா கேட்டாங்க. அத்தை எழுந்து, "பிள்ளைத்தாச்சியை நிறுத்தா கண்ணு படும். ஆட்டைத்தான் நிறுப்பாக" என்று சொன்னாங்க. இன்னொருத்தர் அந்தக் காசை உள்கடனாகக் கொடுக்கலாமே என்றார். இதுதான் அந்த இரண்டு ஆட்சேபம். விலை 650 ரூபாய். மதுரைக்குப் போய் வாங்கி, மடியில் வைத்துக்கிட்டு பஸ்ஸில் வந்தோம்.

முதல் நாளே தகராறு. ஒரே ஆள் ஏறி இறங்கினால் ரெண்டு எடை காட்டியது. கடைக்காரன் ஏமாத்திட்டான் என்று ஒரே சத்தம். அப்புறம் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைப் பிரிக்காமல் தூக்கி வைத்துப் பார்த்தோம். மண்தரையில் வைத்தால் இருபத்துமூணரை. சமுதாயக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் வைத்தால் சரியாக இருபத்தஞ்சு. தப்பு மெஷினில் இல்லை, தரையில்தான். அன்றிலிருந்து சிமெண்டுத் தரை, செருப்பில்லாமல், சாப்பிடுவதற்கு முன்னால், முள் சைபரில் நிற்கிறதா என்று பார்த்துட்டு ஏறணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை சிப்பம் வைத்துச் சோதனை. புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் மாசத்தில் ஒரு புதன் காலையை வைத்துக்கிட்டோம்.

கண்ணு படும் பிரச்சினைக்கும் வழி கண்டோம். பழைய சேலையைத் திரையாகக் கட்டி, ஒருத்தர் மட்டும் உள்ளே போகணும். எடையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. காதில் சொல்லி நோட்டில் எழுதணும். இந்தத் திரை கட்டின பிறகுதான் ஆட்கள் வந்தாங்க. இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

எழுதினால் மட்டும் போதுமா, எத்தனை ஏறணும் என்று தெரிய வேண்டாமா? டாக்டரம்மா கணக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. சாதாரண உடம்புக்காரிக்கு மொத்தம் 10 முதல் 12 கிலோ. முதல் மூணு மாசம் ஒண்ணு, ஒன்றரைக் கிலோ ஏறினால் போதும். வாந்தியில் ஏறாமலும் போகலாம். அதுக்குப் பிறகு மாசம் ஒன்றரை முதல் ரெண்டு கிலோ. என்னை மாதிரி மெலிஞ்சவள் இன்னும் கொஞ்சம் கூட ஏறணும். ஏற்கெனவே பருமனாக இருக்கிறவளுக்கு ஏழு முதல் பதினொண்ணு. ரொம்பப் பருமன் என்றால் அதைவிடக் குறைவு. அதனால்தான் முதல் எடையை ரெண்டாம் மாசத்துக்குள்ளேயே எழுதணும். அது இல்லாமல் ஏழாம் மாச எடையை வைத்துக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது.

மாமியார்மார் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "பிள்ளை மூணு கிலோ, மிச்சம் ஒன்பது கிலோ எங்க போகுது? எல்லாம் கொழுப்புத்தானே?" ஊக்குநர் அக்கா இதுக்கு நெல்லைப் பைகளில் கட்டிக் காட்டினாங்க. பிள்ளைக்கு 3 கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல. பனிக்குடத் தண்ணி முக்கால், ஒரு கிலோ. கர்ப்பப்பை பெருத்தது ஒரு கிலோ. மார்பு அரைக் கிலோ. ரத்தம் கூடினது ஒண்ணேகால். மிச்சம்தான் கொழுப்பு, அது பிள்ளைக்குப் பால் கொடுக்கிறதுக்கான சேமிப்பு. "நாம வாராவாரம் சேமிப்பு கட்டுறோம்ல, அது மாதிரி" என்று சொன்னதும் எல்லோருக்கும் புரிஞ்சுபோச்சு. சோத்துப் பை வேற, கர்ப்பப்பை வேற என்று படத்தில் காட்டினதும் அன்றைக்குத்தான். அத்தை படத்தைக் கிட்டப்போய் ரொம்ப நேரம் பார்த்தாங்க.

சாப்பாடும் அப்படி ஒண்ணும் மலையளவு வேண்டாம். நாலாம் மாசத்திலிருந்து ஒரு நாளைக்குக் கூடுதலாக 350 கலோரி. ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். அங்கன்வாடி சத்துமாவை நாங்க கொழுக்கட்டையாகவும் அடையாகவும் செய்து காட்டினோம். கஞ்சியாகக் காய்ச்சினால் யாருக்கும் இறங்க மாட்டேங்குது. வாங்கி மாட்டுக்கு வைக்கிற வீடும் இருந்தது, மறைக்க வேண்டாம். அந்த மாவை அங்கேயே வாங்கி, அங்கேயே அடையாகச் சுட்டு, புதன்கிழமை கர்ப்பிணிகளைச் சாப்பிடவைத்து அனுப்பினோம்.

எனக்கு ரெண்டாவது பிள்ளை 2010-ல். 44 கிலோவில் ஆரம்பித்து 55. பிள்ளை 2 கிலோ 900. அத்தைக்கு அந்த ஒன்பது மாசமும் தூக்கமில்லை. ஆனால் அதுக்குள்ள 108 வண்டி வந்திருந்தது. 2008-ல் வந்த அந்த வண்டிதான் அத்தையின் மனசை மாத்தியது என்று நான் நினைக்கிறேன், படமோ நெல்லுப் பையோ இல்லை. "வலி எடுத்தா அரை மணியில வண்டி வந்துரும்ல?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாங்க! வரும் என்று தெரிஞ்ச பிறகுதான் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாங்க.

மெஷின் இன்னொரு விதத்தில் உதவும் என்று நாங்க எதிர்பார்க்கவில்லை. ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாசம். புதன்கிழமை எடை போட்டாச்சு. அடுத்த வாரம் வேற வேலையாகக் கூடத்துக்கு வந்தவள் சும்மா ஏறிப் பார்த்தாள். ஒரே வாரத்தில் ரெண்டரைக் கிலோ கூட. அவ மாமியாருக்குச் சந்தோஷம், "உடம்பு புடிக்குது" என்று. கால் வீங்கி வளையம் உள்ளே பதிஞ்சிருந்தது. தலைவலி மூணு நாளாக இருக்காம், வெயில் என்று நினைத்தாளாம். வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல ஏறினால் அது சாப்பாட்டில் வந்த எடை இல்லை, உடம்பில் தண்ணி சேருகிறது, ரத்த அழுத்தம் பார்க்கணும் என்று நர்சம்மா சொல்லி வைத்திருந்தாங்க. உடனே போன் போட்டோம். அழுத்தம் 160-க்கு 110. ராத்திரியே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. வழியில் வலிப்பு வராமல் போய்ச் சேர்ந்தது தெய்வச் செயல். குறைமாசத்தில் எடுத்தாங்க, ரெண்டு உயிரும் தங்கியது. அன்றைக்கு அவள் சும்மா ஏறிப் பார்த்ததை நினைத்தால் இப்பவும் உடம்பு சிலிர்க்குது. அதிலிருந்து ஏழாம் மாசம் தாண்டினவங்களுக்கு வாரா வாரம் எடை.

இப்போ பத்து வருஷமாக எங்க நோட்டில் கணக்கு தலைகீழாக மாறிக்கிட்டு வருது. முன்னாடி ஏறலையே என்று கவலை, இப்போ ஏறிருச்சே என்று கவலை. மிக்ஸி, கிரைண்டர், வீட்டு வாசலில் குழாய். 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். தண்ணிக் குடம் தூக்கி, களை எடுத்து, நெல் அவித்த காலம் போச்சு, நல்லதுதான். ஆனால் கர்ப்பமானதும் "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று பெட்டிப் பலகாரம், பேக்கரி கேக், ஹார்லிக்ஸ் டம்ளர் டம்ளராக. அதே அத்தைமார்தான், அன்றைக்குச் சோற்றைக் குறைத்தவங்களே இன்றைக்கு ஊட்டிவிடுறாங்க. பட்ட பசிக்குப் பதில் செய்யுற மாதிரி.

என் நாத்தனார் 2016-ல் எங்க வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோது ஆறாம் மாசத்திலேயே பதிமூணு கிலோ ஏறியிருந்தாள். குளுக்கோஸ் தண்ணி குடித்து ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்ததில் சர்க்கரை 140-ஐத் தாண்டியிருந்தது. எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தச் சோதனை கட்டாயம் என்று இந்தியாவிலேயே முதலில் செய்தது தமிழ்நாடு, 2007-ல். சென்னை டாக்டர் வி. சேஷய்யா இதுக்காக ரொம்பப் பாடுபட்டாராம். அத்தை பதறி, பழைய வழக்கப்படி சோற்றை நிறுத்தப் பார்த்தாங்க. நர்சம்மா வந்து கத்தி, "பட்டினியும் கூடாது, திணிக்கவும் கூடாது" என்று தட்டையே பிரித்துக் காட்டினாங்க. பாதித் தட்டு காய் கீரை, கால் தட்டு பருப்பு, முட்டை, மீன், கால் தட்டுச் சோறு. சாயங்காலம் கண்மாய்க் கரையில் அரை மணி நடை. மூணு மாசமும் அத்தை அவகூடவே நடந்தாங்க. கடைசி வரைக்கும் இன்னும் மூணு கிலோதான் ஏறியது. சுகப்பிரசவம், 3 கிலோ 200. அத்தை முதல் பிள்ளையும் அந்த அளவுக்குத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவங்களுக்கும் தோன்றியிருக்கணும். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கிட்டு வண்டி வீட்டுக்கு வந்து சேருகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தாங்க.

உதவித்தொகை 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ஆனது. இப்போ அதில் பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச் சத்து டானிக் வைத்துப் பெட்டகமாகக் கொடுக்கிறாங்க. ஆடு வாங்க முடியாது. ஆனால் பருமனாக இருக்கிறவளுக்கும் மெலிஞ்சவளுக்கும் ஒரே நெய் டப்பாதான், அதை யார் எவ்வளவு சாப்பிடணும் என்று நாங்கதான் நோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கு.

பழைய முள் மெஷின் 2019-ல் ஸ்பிரிங் போய்விட்டது. கூட்டமைப்பு கொடுத்த டிஜிட்டல் மெஷின் இப்போ இருக்கு. மருதாணி நோட்டு என்று நாங்க சொல்கிற சிவப்பு அட்டை நோட்டில் இப்போ ஆறு பேர் பேர் ஓடுது. அதில் ஒரு பிள்ளைக்கு ரெண்டு மாசமாக எடை ஏறவில்லை. அவ மாமியார் ராத்திரி சோறு போடுவதில்லை என்று பேச்சு. இந்தப் புதன்கிழமை அந்த வீட்டுக்கு அத்தையைத்தான் அனுப்பப் போறோம்.